போர் முடிந்து மலைக்குப் போனவர்கள்

1924 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரி மாவட்டம் என்று அழைக்கப்படும் மலைப்பகுதியில், கிரேட் கேபிள் உச்சியில் ஐந்நூறு பேர் அளவில் கூடி நின்றார்கள். தூறலும் மூடுபனியும். உச்சிப் பாறையில் பதித்திருந்த வெண்கலப் பலகையைக் கொடி போர்த்தி மூடியிருந்தார்கள். கொடியை விலக்கியபோது இருபது பெயர்கள் தெரிந்தன. அத்தனை பேரும் ஃபெல் அண்ட் ராக் மலையேற்றச் சங்கத்தின் உறுப்பினர்கள். முதல் உலகப் போரில் மாண்டவர்கள். சங்கத்தார் அவர்களுக்காக ஊர் முச்சந்தியில் சிலை எழுப்பவில்லை. ஏறக்குறைய மூவாயிரம் ஏக்கர் மலைநிலத்தை விலைக்கு வாங்கி, யார் வேண்டுமானாலும் நடந்து திரியலாம் என்று தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். அந்த நிலமே நினைவுச் சின்னம். அன்று உச்சியில் நின்று நினைவுரை ஆற்றிய ஜெஃப்ரி வின்த்ராப் யங் போரில் இடது காலை முழங்காலுக்கு மேலேயே இழந்தவர். சங்கத் தலைவராக இருந்த மருத்துவர் ஆர்தர் வேக்ஃபீல்ட் போர் முனையில் பணிபுரிந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எவரெஸ்ட் குழுவில் போய்வந்தவர். இவர்கள் கேபிள் உச்சியில் நின்ற அதே நாளில்தான், உலகின் மறுகோடியில், ஜார்ஜ் மாலரியும் ஆண்ட்ரூ இர்வினும் எவரெஸ்ட்டின் மேகத்துக்குள் ஏறி மறைந்தார்கள். அந்தச் செய்தி இங்கிலாந்துக்கு வந்து சேர மேலும் பல நாட்களாயின.

போரில் உடலோ மனமோ உடைந்தவர்களை இன்று மலைக்கும் ஆற்றுக்கும் காட்டுக்கும் அழைத்துப் போகிறார்கள். கால் இழந்த முன்னாள் வீரர்கள் பனிமலை ஏறுகிறார்கள். இரவில் தூக்கம் வராதவர்கள் ஆயிரக்கணக்கான மைல் நடக்கிறார்கள். இதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இயற்கை ஆற்றும், பசுமையும் அமைதியும் காற்றும் மனிதனைக் குணப்படுத்தும். இந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. அழகான இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் மருந்து என்றால் கடற்கரை விடுதியே போதும். உயிரைப் பணயம் வைத்துப் பாறையில் தொங்க வேண்டிய அவசியம் என்ன? முதல் உலகப் போருக்குப் பின் மலைக்குத் திரும்பிய அந்தத் தலைமுறையின் வரலாற்றை வாசித்தால் வேறொரு விடை தெரிகிறது. போர் அவர்களிடமிருந்து பறித்தவற்றில் ஒன்று, ஆபத்தின் முன் நின்று ‘போதும், திரும்பிவிடுவோம்’ என்று சொல்லும் உரிமை. மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. எங்கே அந்த உரிமை இருந்ததோ அங்கே மலை உதவியது. எங்கே அது இல்லையோ, அல்லது ஒருவர் தாமே அதை வேண்டாமென்று தள்ளினாரோ, அங்கே மலையும் இன்னொரு போர்க்களமானது.

போர்க்களத்தில் திரும்பிப்போவது என்றால் என்ன பொருள் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். பணியை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் அதுபோன்ற குற்றங்களுக்காகவும் தம் படையாலேயே சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது 2006இல்தான். பதுங்கு குழியில் இருந்தவனுக்கு ஆபத்து எப்போது வரும் என்று தெரியாது. எங்கிருந்து வரும் என்று தெரியாது. அவன் கெட்டிக்காரனா முட்டாளா என்று பீரங்கிக் குண்டு பார்ப்பதில்லை. 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவ இதழில் எழுதியபோது, வெடிப்பின் அதிர்வு நரம்பைத் தாக்குகிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பக்கத்தில் குண்டே விழாதவர்களும் பேச்சிழந்தார்கள், கைகால் விறைத்தார்கள் என்று தெரிந்தபோது அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. ஓட முடியாமல், எதிர்த்து நிற்கவும் வழியில்லாமல், அசையாமல் காத்திருப்பதே பலரை உடைத்தது. மலையிலும் ஆபத்து உண்டு. ஆனால் பனியின் நிறத்தைப் பார்க்கலாம், பாறையைத் தட்டிப் பார்க்கலாம், மேகம் திரள்வதைக் கவனிக்கலாம். தேர்ச்சிக்கு அங்கே மதிப்புண்டு. சரிப்படாது என்று தோன்றினால் கயிற்றின் மறுமுனையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு இறங்கலாம். அதற்காக யாரும் சுவரோரம் நிறுத்திச் சுட மாட்டார்கள்.

வெளியில் அழைத்துச் செல்வதை மருத்துவமாகவே செய்தவர் ஒருவர் போர்க்காலத்திலேயே இருந்தார். எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட்டில் 1916இல் அதிகாரிகளுக்கென்று ஒரு மருத்துவமனை திறந்தது. அங்கே இருந்த ரிவர்ஸ் என்ற மருத்துவரின் பேச்சு முறைச் சிகிச்சை இன்று புகழ்பெற்றது. அவரோடு பணிபுரிந்த ஆர்தர் ப்ராக்கைக் குறைவாகவே பேசுகிறோம். நோயாளி தன்னைச் சுற்றியுள்ள உலகத்திலிருந்து அறுந்துபோனவன், உழைப்பால்தான் மீண்டும் அதோடு ஒட்ட முடியும் என்பது ப்ராக்கின் கொள்கை. மண்ணில் கால் பட்டால் மட்டுமே வலிமை பெறும் ஆன்டியஸ் என்ற கிரேக்க அரக்கனின் கதை அவருக்கு மிகவும் பிடிக்கும். நோயாளிகளை நடக்க வைத்தார், நிலத்தை அளக்க வைத்தார், செடிகொடிகளைப் பற்றிப் பேசக் கழகம் அமைத்தார். கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் அவரிடம் சிகிச்சை பெற்றவர். இந்தக் கருத்துகளில் பலவற்றை ப்ராக் பேட்ரிக் கெடிஸிடமிருந்து கற்றார். நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்து 1915இல் சென்னை மாகாண நகரங்கள் பற்றி அறிக்கை எழுதிய அதே கெடிஸ். இந்த மருத்துவத்தில் உண்மை இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் அடியில் ஒரு விரிசலும் இருந்தது. நோயாளியைத் தேற்றுவதன் நோக்கம் அவனை மறுபடி போர்முனைக்கு அனுப்புவது. ஓவன் தேறினார், திரும்பிப் போனார், போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார். எத்தனை இதமான நடையாக இருந்தாலும் அதன் முடிவில் பதுங்கு குழி காத்திருந்தால் அதை விடுதலை என்று சொல்ல முடியாது. சாதாரணச் சிப்பாய்களுக்கு அந்த நடையும் வாய்க்கவில்லை. பேச்சிழந்தவர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்த லூயிஸ் யெல்லண்டின் லண்டன் மருத்துவமனைக்குப் போனவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

யங்கின் காலுக்கு வருவோம். போருக்கு முன் ஆல்ப்ஸ் மலையில் பெயர் பெற்ற ஏறுநர் அவர். துப்பாக்கி எடுக்க விரும்பாமல், க்வேக்கர் சமயத்தார் நடத்திய ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்தார். 1917 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலிய முனையில் குண்டுபட்டார். கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டால் போவது கால் மட்டுமல்ல, முழங்கால் என்ற கீலும் போய்விடுகிறது. ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைத் தூக்கி வீசி அந்தக் கட்டையை மேலே கொண்டுவர வேண்டும். இறங்கும்போது இன்னும் மோசம். உடலின் எடையைத் தாங்கி மெல்ல மடங்கிக் கொடுக்கும் கீல் இல்லாததால் ஒவ்வொரு இறக்கமும் வெட்டுண்ட தொடைமுனையில் இடியாக இறங்கும். யங் தமக்கென்று உலோகத்தில் ஒரு கால் செய்துகொண்டார். பாறைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று அதன் அடிமுனையைக் கழற்றி மாற்றலாம். எந்தச் சரிவில் எது வழுக்கும், எது சிக்கும் என்று பல ஆண்டுகள் சோதித்தார். 1928இல், ஐம்பத்தொரு வயதில், 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்னில் ஏறினார். 1935இல் சினால்ரோட்ஹார்னில் ஏறி இறங்கும்போது விழுந்தார். அத்தோடு உயர மலைகளை விட்டுவிட்டார். விட்டதிலும் அவருடைய தேர்வு இருந்தது. போன கால் திரும்பாது என்பதில் அவருக்குப் பேச்சே இல்லை. அந்த இழப்பை மறுக்க வழியில்லாததால்தான், மறுக்கவும் ஏற்கவும் தமக்கு இடமுள்ள ஒரு களம் வேண்டியிருந்தது என்று அவரைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவர்களெல்லாம் போருக்கு முன்பே மலையேறியவர்கள். பழைய விருப்பத்துக்குத் திரும்பினார்கள், அவ்வளவுதான். அதை ஏன் காயத்துக்கு மருந்தாகப் பார்க்க வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் பழைய மலைக்குத் திரும்பியவர்கள் பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. யங் ஒற்றைக் காலோடு ஏறிய மேட்டர்ஹார்ன், அவர் இரண்டு காலோடு ஏறிய மேட்டர்ஹார்னே அல்ல; முன்பு ஓய்வாக நடந்து கடந்த சரிவு இப்போது அன்றைய நாளின் மிகக் கடினமான பகுதி. 1951இல் தம் ஒற்றைக்கால் ஏற்றங்களைப் பற்றி எழுதிய நூலுக்கு, மாறுபட்ட மலைகள் என்ற பொருள் தரும் பெயரைத்தான் வைத்தார். தெரிந்த தொழிலை மாறிப்போன உடலுடன் மறுபடி முதலிலிருந்து கற்பது எப்படிப்பட்ட வேலை என்பதை, விரலிழந்த தச்சனும் பார்வை மங்கிய தையற்காரியும் அறிவார்கள். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: நமக்கு எழுதி வைத்தவர்கள் மீண்டவர்கள் மட்டுமே; மலையிலும் ஆறாமல் போனவர்கள் நூல் எழுதவில்லை. இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஆறாமல் போன ஒருவரின் சுவடு நன்றாகவே பதிவாகியிருக்கிறது. அவரிடம் பிறகு வருகிறேன். அதற்குள் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒருவர் இருக்கிறார்.

1921, 1922, 1924 ஆகிய மூன்று எவரெஸ்ட் பயணங்களிலும் போன பிரிட்டிஷ்காரர்கள் இருபத்தாறு பேரில் இருபது பேர் போரின் கொடுமையை நேரில் கண்டவர்கள் என்று வேட் டேவிஸ் என்ற ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். அவர்களில் ஒருவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். ஏரி மாவட்டத்து கெண்டல் ஊரில் செருப்புத் தயாரிக்கும் குடும்பத்தில் 1890இல் பிறந்தவர், அறுவை மருத்துவர். 1916 ஜூலை 1 அன்று சோம் போர் தொடங்கியது; அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் வீழ்ந்தார்கள், அவர்களில் 19,240 பேர் இறந்தவர்கள். சோமர்வெல் இருந்த சிகிச்சை நிலையத்துக்கு, எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு பேர் வந்து சேர்ந்தார்கள். கூடாரத்துக்கு வெளியே ஏக்கர் கணக்கில் வயல் முழுக்கத் தூக்குப் படுக்கைகள். அறுவைக்கு நடுவே சில நிமிடம் கிடைத்தபோது அவர் அந்த வயலுக்குள் நடந்தார். காப்பாற்றக்கூடியவர்களில் சிலரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்கள் அங்கேயே கிடந்து சாவார்கள். என்னை முதலில் பாருங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் பின்னாளில் அவர் மனத்தில் நின்றது. அந்தப் போர் அவரைப் போரை வெறுப்பவராக்கியது. 1922இல் எவரெஸ்ட்டுக்குப் போனபோது மாலரிக்கு நெருங்கிய நண்பரானார். கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு இருவரும் ஷேக்ஸ்பியரை வாசித்தார்கள். மே 21 அன்று ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 27,000 அடி வரை போனார்கள்.

பிறகுதான் என் வாதத்தை எதிர்க்கும் மிக வலுவான சாட்சி வருகிறது. 1922 ஜூன் 7 அன்று, புதுப்பனி நிறையப் பெய்திருந்த எவரெஸ்ட்டின் வடகணவாய்ச் சரிவில், மாலரியும் சோமர்வெல்லும் அதே குழுவைச் சேர்ந்த க்ராஃபோர்டும் பதினான்கு சுமைகாரர்களோடு ஏறினார்கள். பனிச்சரிவு. ஒன்பது சுமைகாரர்கள் பனிவிளிம்புக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள்; இருவரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ்காரர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காயத்தை ஆற்றிக்கொள்ள மலைக்குப் போகிறவர்கள் அடுத்தவர் உயிரில் அல்லவா ஆற்றிக்கொண்டார்கள் என்று கேட்டால், நான் மறுக்கப் போவதில்லை. அந்தப் பயணங்களின் பேச்சிலேயே போர் இருந்தது: முகாம், தாக்குதல், முற்றுகை. ஏறலாமா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் மூன்று பேர். அந்த முடிவுக்கு உயிர் கொடுத்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள். திரும்பிப்போகும் உரிமை கயிற்றின் ஒரு முனையில் மட்டும் இருந்தது. மலை எல்லோருக்கும் விடுதலை என்று எழுதுகிறவர்கள் இந்த ஏழு பேரைத் தாண்டிப் போகக்கூடாது. சோமர்வெல் தாண்டிப் போகவில்லை. நம்மில் ஒருவனாவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்ற தவிப்பு, பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய நூலிலும் அப்படியே இருக்கிறது. சோமின் வயலில் யாரைப் பிழைக்க விடுவது என்று தேர்ந்தெடுத்த கை அது. இப்போது தானே ஏற்ற ஆபத்தில் வேறு ஆட்கள் செத்தார்கள்.

அந்தப் பயணம் முடிந்ததும் அவர் நேராக ஊர் திரும்பவில்லை. கையிருப்புப் பணத்தில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெற்கே வந்தவர், திருவிதாங்கூரின் தென்முனையில் நெய்யூர் வந்து சேர்ந்தார். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். லண்டன் மிஷன் அங்கே 1838இலேயே மருத்துவப் பணி தொடங்கியிருந்தது. இவர் போனபோது, டாக்டர் பியூ என்ற ஒரே அறுவை மருத்துவர் பெருங்கூட்டத்தைச் சமாளித்துக் களைத்துப் போயிருந்தார். சோமர்வெல் சில நாள் உதவினார். லண்டனில் அவருக்குக் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு, நெய்யூரிலேயே இருப்பதென்று முடிவெடுத்தார். அந்தப் பகுதியில் குடற்புண் மிக அதிகம். மரச்சீனிக் கிழங்கை முக்கிய உணவாக உண்டு வாழ்ந்த ஏழைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் நடந்து வந்தார்கள். உணவுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று ஆராய்ந்து, அறுவை முறைகளைச் செம்மைப்படுத்தி, ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961 வரை அறுவை மருத்துவம் கற்பித்தார். கேரள எல்லையில் காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. சமயப் பற்று இவருடைய முடிவில் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சிகிச்சைக்குக் காத்துக்கிடக்கும் வரிசையை வாழ்நாள் முழுக்கத் தானே தேடிப்போய் எதிர்கொண்டவரின் பின்னால் சோமின் வயல் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. இந்த முறை அவரை யாரும் அங்கே அனுப்பவில்லை.

1924இல் அவர் மீண்டும் எவரெஸ்ட் குழுவில் போனார். மே மாதத்தில் நான்கு சுமைகாரர்கள் வடகணவாயில் சிக்கிக்கொண்டார்கள். மேலே பனி திரண்டு கிடந்தது, இறங்க அஞ்சினார்கள். குழுத்தலைவர் நார்ட்டனும் மாலரியும் சோமர்வெல்லும், உடல் நலிந்திருந்த நிலையிலும், உச்சிக்கான திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே ஏறினார்கள். பனி எப்போது சரியுமோ என்ற சரிவில் சோமர்வெல் கயிற்றில் கட்டியபடி குறுக்கே நகர்ந்து போனார். கயிறு அவர்களை எட்டாமல் சில கஜம் முன்பே முடிந்துவிட்டது. அந்த இடைவெளியைத் தனித்தனியாகக் கடந்து வரச் சொன்னார். முதல் இருவர் வந்து சேர்ந்தார்கள். அடுத்த இருவர் ஒன்றாகக் கிளம்பினார்கள், பனி வழுக்கியது, கீழே சறுக்கினார்கள். அதலபாதாளத்துக்குச் சற்று முன்னே எப்படியோ நின்றார்கள். அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு, சோமர்வெல் தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியைச் செருகி அதைச் சுற்றிக் கயிற்றை ஓட்டி, அதன் நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உடலை முழுக்க நீட்டி, மறுகையால் ஒவ்வொருவரையும் சட்டைப் பிடரியைப் பற்றி இழுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்தச் சரிவில் ஏழு பேர் போனார்களோ அதன் அருகில்தான் இதுவும் நடந்தது. ஜூன் 4 அன்று அவரும் நார்ட்டனும் ஆக்சிஜன் இல்லாமல் உச்சியை நோக்கிப் போனார்கள். சோமர்வெல்லின் தொண்டை குளிர்ந்த வறண்ட காற்றில் புண்ணாகியிருந்தது. 28,000 அடி நெருங்கியபோது உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் 28,126 அடி வரை போய், இனி போனால் திரும்ப முடியாது என்று கணக்கிட்டுத் திரும்பினார். இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டை அடைத்துக்கொண்டது, மூச்சு வரவில்லை, சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தார். கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்தினார். குரல்வளையின் உள்தோல் உறைந்து கழன்று இரத்தத்தோடு வாய்க்கு வந்தது. மூச்சு திரும்பியது. உச்சி ஆயிரம் அடிக்கும் குறைவான தொலைவில் இருந்தது. இருவரும் திரும்பி வந்தார்கள். நார்ட்டனை அதற்காக யாரும் கோழை என்று சொல்லவில்லை.

ஆறாமல் போனவர் என்று சொன்னேனே, அவர் மாரிஸ் வில்சன். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த நெசவாலைக் குடும்பத்துப் பிள்ளை. 1918இல் வீரப் பதக்கம் பெற்றவர். அதே ஆண்டு இயந்திரத் துப்பாக்கி இடது கையைச் சிதைத்தது. போருக்குப் பின் நாடு நாடாக அலைந்தார், எதிலும் கால் பதியவில்லை. உபவாசமும் பிரார்த்தனையும் இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று நம்பி, எவரெஸ்ட்டில் தனியாக ஏறுவேன் என்று கிளம்பினார். மலையேறத் தெரியாது. விமானம் ஓட்டவும் தெரியாது. கற்றுக்கொண்டு 1933இல் சிறு விமானத்தில் இந்தியாவரை பறந்து வந்தார். 1934இல் மாறுவேடத்தில் திபெத்துக்குள் நுழைந்தார். வடகணவாய்ச் சரிவில் மறுபடி மறுபடி மோதினார். கூட வந்தவர்கள் திரும்பிவிடலாம் என்று கேட்டுக்கொண்டார்கள், கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த குழு கணவாயின் அடியில் அவர் உடலைக் கண்டது. இவரைப் பைத்தியக்காரர் என்று எழுதி ஒதுக்குவது அநீதி. அவருக்கும் அதே போர், அதே காயம், அதே மலை. சோமர்வெல்லுக்கு இருந்த இரண்டு அவருக்கு இல்லை: மலையை வாசிக்கும் தேர்ச்சி, கயிற்றின் மறுமுனையில் சொன்னால் கேட்கக்கூடிய ஒரு துணை. இந்த இரண்டும் இல்லாதவனுக்குத் திரும்பும் உரிமை இருந்தும் பயனில்லை, எப்போது திரும்ப வேண்டும் என்று அவன் மதித்துக் கேட்கும்படி சொல்ல ஆளில்லை. இயற்கைதான் ஆற்றும் என்பது உண்மையானால் வில்சன் ஆறியிருக்க வேண்டும். அவரைப் போல இயற்கையிடம் முழுதாகத் தம்மை ஒப்படைத்தவர் இல்லை.

வசதி படைத்தவர்களின் மருந்தல்லவா இது என்ற கேள்விக்கும் வரலாறு கூசாமல் ஆம் என்றுதான் சொல்கிறது. ஆல்ப்ஸுக்குப் போகப் பணம் வேண்டும், விடுப்பு வேண்டும், சங்கத்தில் இடம் வேண்டும். பிரான்சில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை இங்கிலாந்தின் பிரைட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஏழைகள் விடுதியாக இருந்து மருத்துவமனையாக மாறிய கிச்சனர் இந்திய மருத்துவமனையில் சுவரும் முள்வேலியும் காவலும் இருந்தன. சிப்பாய்கள் விரும்பியபடி வெளியே நடக்க முடியாது. ஊர்ப் பெண்களோடு பழகிவிடுவார்கள் என்ற அச்சமே முக்கியக் காரணம். கடற்கரை ஊரில் கிடந்தும் காலாற நடக்க வாயிலைத் தாண்ட முடியாத அந்த மனிதர்களுக்கு எந்த ஆபத்தையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பில்லை, மறுக்கும் வாய்ப்பும் இல்லை. ஆனால் பணக்காரர்களுக்கு மட்டும் கிடைத்தது என்பதால் மருந்து பொய்யாகிவிடாது. கிடைக்காதவர்களுக்கும் அது உரிமை என்றுதான் பொருள். கேபிளைச் சுற்றிய மூவாயிரம் ஏக்கரைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டதை அதனால்தான் பெரிய செயலாகக் கருதுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஏர்ல் ஷாஃபர் என்ற சிப்பாய், பால்ய நண்பன் இவோ ஜிமாவில் இறந்த துயரத்தோடு, ராணுவத்தை உடம்பிலிருந்து நடந்தே கழிக்க வேண்டும் என்று புறப்பட்டார். 1948இல் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை இரண்டாயிரம் மைலுக்கும் மேற்பட்ட அப்பலாச்சியப் பாதையை 124 நாளில் ஒரே மூச்சில் நடந்து முடித்தார். அப்படி நடந்ததாகப் பதிவான முதல் ஆள் அவர். அவரிடம் சங்கமும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. எவர் நடந்தாலும் கட்டணம் கேட்காத ஒரு பாதை மட்டும் இருந்தது.

கேபிள் உச்சிக்கு இப்போதும் ஆண்டுதோறும் நவம்பரில் நினைவு ஞாயிறன்று நூற்றுக்கணக்கானோர் ஏறிப்போய் மௌனமாக நிற்கிறார்கள். தேய்ந்து, பிழைகளோடு இருந்த பலகைக்குப் பதிலாக 2013இல் புதிய பலகை வைத்தார்கள். பழையதில் தவறாகப் பொறித்திருந்த பெயர்கள் அப்போது திருத்தப்பட்டன. எவரெஸ்ட்டில் வைத்த நினைவுச் சின்னம் இதைவிட எளியது. 1924 ஜூனில், மாலரியும் இர்வினும் வரமாட்டார்கள் என்று உறுதியான பிறகு, அடிவார முகாமில் கல் குவித்து மேடை ஒன்று எழுப்பினார்கள். குரலும் சரியாக எழும்பாத நிலையில் இருந்த சோமர்வெல்லும் குழுவைச் சேர்ந்த பென்ட்லி பீதமும் கற்பலகைகளில் பெயர்களைச் செதுக்க வைத்தார்கள். 1921இல் வழியில் இறந்த கெல்லஸ், 1924இல் இறந்த குழுப் பணியாளர் இருவர், மாலரி, இர்வின் உட்படப் பன்னிரண்டு பெயர்கள். அவற்றின் நடுவே 1922 என்ற ஆண்டும் இருந்தது, அதன் கீழ் அந்த ஏழு பேரின் பெயர்களும். அது முடிந்ததும் சோமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார்.